நான்காம் நாள் துண்டு வெட்டினோம்: ஐஸ் பாவனையாளர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் இளைஞனை யாழ்ப்பாணத்தில் தேடினால் கிடைக்கமாட்டான். குடாநாட்டு வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில், ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமைன் போதைப்பொருளைப் பாவித்துவிட்டு வந்த பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து, வயது, ஊர், தொழில், திகதி எல்லாவற்றையும் மாற்றி ஒருவனாக்கியிருக்கிறேன். மாற்றாமல் விட்டது ஒன்றைத்தான்: நாங்கள் எங்கே பிழைவிட்டோம் என்பதை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

வந்த இரவு

சித்திரைக் கடைசி. சோளகக் காற்று இன்னும் எடுக்கவில்லை. இரவு இரண்டரை மணிக்கும் வெக்கை அடங்காத நாள். ஓட்டோ வாசலில் நின்றதும் முதலில் கேட்டது தாயின் குரல்: “கையைக் கட்டியிருக்கு, பாத்துப் பிடியுங்கோ.” அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் அவனை அமத்திப் பிடித்தபடி வந்திருந்தார்கள். வயது 24. கைகளைச் சாரத்தால் கட்டியிருந்தார்கள். வியர்வையில் நனைந்து முடிச்சு இறுகிவிட்டதால் அவிழ்க்க முடியவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினோம்.

“மூண்டு நாளா நித்திரை இல்லை டொக்ரர். சாப்பாடும் இல்லை. வைரவர் கோயிலிலை நூல் கட்டி, தேசிக்காய் வெட்டிக் கழிப்பும் கழிச்சனாங்கள். ஒண்டும் சரிவரேல்லை” என்றார் தாய். அவனோ எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டு, “ரியூப்லைற்றை நிப்பாட்டுங்கோ, அதுக்குள்ளாலை கேட்டுக்கொண்டிருக்கினம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பல்லை நறநறவென்று கடித்தபடி இருந்தான்.

உடல் வெப்பநிலை 39.8 பாகை செல்சியஸ். நாடித்துடிப்பு 148. இரத்த அழுத்தம் 178/104. குருதிச் சீனி சரியான அளவில் இருந்தது. கண்மணிகள் அகல விரிந்திருந்தன. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றியதுபோல வியர்வை.

நாளம் பிடிக்க விடவில்லை. தொடையில் தணிப்பு மருந்தான மிடசோலம் 10 மி.கி. போட்டு, கொஞ்சம் தளர்ந்த பிறகு நாளம் பிடித்து, டயசிபாமைச் சிறிது சிறிதாக ஏற்றினோம். ஈரத் துணி போர்த்தி மின்விசிறியை நேரே திருப்பி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டிப் பை வைத்தோம். சேலைன் ஓடியது. பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடித்தோம். இந்த நிலையில் ஒருவரைக் குப்புறப் போட்டு முதுகில் ஏறி அமத்துவது உயிரைப் பறிக்கக்கூடியது என்பதை, பிடிக்க உதவிய அண்ணனுக்கும் அந்த அவசரத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது. இப்படிக் கொதிக்கிற உடம்பைக் கயிற்றாலும் பலத்தாலும் அடக்கினால், அவன் திமிறத் திமிறச் சூடு ஏறும், தசை உடையும். மருந்தால் அடக்குவதுதான் வழி. தேவையான அளவு மருந்தைக் கொடுக்கத் தயங்கி, ஆட்களை மேலும் மேலும் கூப்பிடுவதை நான் பல இரவுகளில் கண்டிருக்கிறேன்.

முதல் 70 நிமிடம் அந்த ஒரு கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் இரண்டு வைத்தியர்கள், மூன்று தாதியர்கள், இரண்டு சிற்றூழியர்கள், வாசலிலிருந்து ஓடிவந்த காவலாளி. மற்ற எல்லா நோயாளிகளுக்கும் மிஞ்சியது ஒரு வைத்தியரும் ஒரு தாதியும். திரைக்கு அந்தப் பக்கம் தொய்வோடு வந்த ஆச்சி ஒருவர், ஆவி மருந்து முடிந்து பத்து நிமிடமாகியும் வெறும் மூடியை முகத்தில் பிடித்தபடி இருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. ஏனம்மா சத்தம் தரவில்லை என்று கேட்டதற்கு, “நீங்கள் அந்தப் பிள்ளையோடை கஷ்டப்படுறியள், அதான்” என்றார். அவருடைய ஒட்சிசன் அளவு அப்போது 88 வீதம்.

ஒரு மிஸியின் மணிக்கட்டு பிரண்டது. அடுத்த இரண்டு கிழமை அவருடைய கடமையை மற்றவர்கள் பங்கிட்டுச் செய்தார்கள். மாதாந்தப் பதிவேட்டில் இவையெல்லாம் சேர்ந்து ‘அனுமதி: 1’.

வேறு எதுவாக இருந்திருக்கலாம்

யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் நஞ்சுகளோடு நெடுநாள் பழகியவர்கள். மஞ்சள் அலரி விதை 1980களில் இருந்து இந்த மண்ணில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லித்தான் படிப்பித்தார்கள். அலரி இருதயத்தை மெதுவாக்கித் தடுமாற வைக்கும். பயிருக்கு அடிக்கும் ஓகனோபொஸ்பேற்று மருந்து கண்மணியை ஊசிமுனையாகச் சுருக்கி, வியர்வையும் எச்சிலும் பெருக்கும். ஊமத்தை கண்மணியை விரித்து, பிதற்ற வைத்து, சூட்டையும் ஏற்றும். ஆனால் தோல் காய்ந்து கிடக்கும். இவனுக்குக் கண்மணியும் விரிந்திருந்தது, வியர்வையும் ஆறாக ஓடியது. ஊமத்தை இல்லை என்று ஒதுக்க அந்த ஈரத் தோல் போதும்.

மூளைக்காய்ச்சல், கிருமித்தொற்று, தைரொயிட் மிகைப்பு, குடியை நிறுத்தியதால் வரும் பிதற்றல், வெயில் அடிப்பு ஆகியவற்றையும் யோசித்தோம். காய்ச்சலோடு பிதற்றுகிறவனை ‘போதைக்காரன்’ என்று ஒதுக்கி, மூளைக்காய்ச்சலைத் தவறவிட்டால் அதற்கு மன்னிப்பே இல்லை. அதனால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தின் முதல் வேளையைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தேடினோம்.

அலரிக்கு எதிர்ப்புடல் மருந்து உண்டு, ஓகனோபொஸ்பேற்றுக்கு அத்திரப்பீன் உண்டு, ஹெரோயினுக்கு நலொக்சோன் உண்டு. ஐஸுக்கு மாற்று மருந்து எதுவும் இல்லை. தணித்து, குளிர்வித்து, நீரேற்றி, பார்த்துக்கொண்டே இருப்பதுதான் சிகிச்சை. பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஆள் வேண்டும்.

சொல்லாத சொல்

விடியப்புறம் நாலு மணிக்கு நடைபாதையில் அண்ணன் தனியே வந்தான். “சேர், ஐஸ் எண்டு எழுதினால் பொலிஸ் வருமே?”

“தம்பி, நான் கேக்கிறது மருந்து குடுக்கத்தான். எவ்வளவு நாளா?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எல்லாம் வந்தது. 1990 என்ற அவசர இலக்கத்துக்கு எடுக்காமல் ஓட்டோவில் ஏற்றியதும் இதனால்தான். சுவசெரிய நோயாளர் காவு வண்டி 2018 ஜூலையில் இருந்து வடக்கில் ஓடுகிறது. உள்ளே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், ஒட்சிசன் இருக்கிறது. ஆனால் விளக்குப் போட்டுக்கொண்டு வண்டி ஒழுங்கைக்குள் வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தாய் மறித்துவிட்டார். மூன்று நாள் வீட்டில் பூட்டி வைத்ததும் அந்தப் பயத்தில்தான். அந்த மூன்று நாளில்தான் உடம்பு இவ்வளவு கெட்டது.

பயம் ஆதாரமில்லாததும் அல்ல. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க அபாயகர ஒளடதத் திருத்தச் சட்டம் மெதம்பெற்றமைனைத் தனியே பெயர் சொல்லிக் கொண்டுவந்தது; 5 கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். வீட்டில் இருப்பவர்களுக்குக் கிராம் கணக்குத் தெரியாது. ‘ஐஸ் என்றால் தூக்கு’ என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. சட்டம் வியாபாரியை மிரட்டுகிறதோ இல்லையோ, எங்கள் வாசலுக்கு வரவேண்டிய தாயை மிரட்டிவிட்டது என்பதை நான் நேரில் கண்டேன்.

பெடியன் பட்டா எனும் சிறு லொறி ஓடுகிறவன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி ஏற்றி, இரவோடு இரவாகத் தம்புள்ளைக்குக் கொண்டுபோய் இறக்கி, திரும்பி வர வேண்டும். கிழமைக்கு இரண்டு ஓட்டம் நாலாகியது. “நித்திரை வராமல் இருக்க ஒருக்கா அடிச்சுப் பார் எண்டு ஒருத்தன் குடுத்திருக்கிறான்” என்றான் அண்ணன். முதல் இரண்டு மாதம் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்: களைக்காமல் உழைக்கிறான், மோட்டார் சைக்கிள் கடன் கட்டி முடிந்தது. பிறகு ஓட்டமில்லாத நாளிலும் அடிக்கத் தொடங்கினான்.

இந்தக் கதையை வெவ்வேறு தொழிலில் கேட்டிருக்கிறேன். கடலுக்குப் போகிறவன், இரவிரவாக நெல்லு வெட்டும் மெசின் ஓட்டுகிறவன், இரும்பு ஒட்டு வேலை (வெல்டிங்) செய்கிறவன். கஞ்சாவும் சாராயமும் வேலை முடிந்த பிறகு தேடுகிறவை. ஐஸ் வேலைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால் குடும்பத்துக்கு அது போதையாகவே தெரிவதில்லை.

கேரளாக் கஞ்சா கடலால் வருவது குடாநாட்டுக்குப் பழைய செய்தி. இது வேறு அளவு. ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகத்தின் கணக்கில் 2024இல் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் மட்டும் பிடிபட்ட மெதம்பெற்றமைன் 236 தொன். பிடிபட்டது அவ்வளவென்றால், எங்கள் ஒழுங்கை வரைக்கும் வந்துசேர்வது வியப்பில்லை.

உடம்புக்குள் நடந்தது

விடிந்ததும் வடிகுழாய்ப் பையில் சேர்ந்த சிறுநீர், பால் விடாத தேத்தண்ணியின் நிறத்தில் இருந்தது. தசை உடைந்து அதன் புரதம் சிறுநீரகம் வழியாக இறங்குகிறது என்பதற்கு அது அடையாளம். தசை உடைவைக் காட்டும் கிரியற்றின் கைனேஸ் குருதியில் 14,600. இது 200க்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியற்றினின் 2.1, பொட்டாசியம் 5.6; இரண்டும் கூட. இருதய வரைபில் வேகத்தைத் தவிர வேறு பிழை இல்லை. மணிக்கு 200 மி.லீ.க்குக் குறையாமல் சிறுநீர் போகும்படி சேலைன் ஏற்றினோம். இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகாமல் தப்பினான். இன்னொரு நாள் வீட்டில் வைத்திருந்தால் தப்பியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

மெதம்பெற்றமைன் மூளையின் நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற இரசாயனத்தை ஒரேயடியாக வெளியே தள்ளுகிறது, நொரட்ரெனலினையும் அப்படியே. இருதயம் ஓடுகிறது, நாளங்கள் இறுகுகின்றன, பசியும் நித்திரையும் போய்விடுகின்றன, சாதாரணச் சத்தமும் வெளிச்சமும் தனக்கென்று அனுப்பிய சேதியாகத் தோன்றுகின்றன. குருதியில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 10 மணித்தியாலம் எடுக்கும். கொக்கேயினுக்கு ஒரு மணித்தியாலம் போதும். அவசரப் பிரிவில் ஒரு கட்டில் இரவு முழுவதும் அடைபட்டுக் கிடப்பதற்கு அந்தப் 10 மணித்தியாலம்தான் காரணம். குடித்துவிட்டு வந்தவர் விடிய எழும்பிப் போய்விடுவார். இவர்கள் அப்படிப் போவதில்லை.

நித்திரை

இரண்டாம் நாள் மத்தியானம் அவன் உறங்கத் தொடங்கினான். மருத்துவ விடுதியில், வாங்கில் இருந்த தாயின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சோற்றுக்கு மட்டும் எழும்பி, மறுபடியும் உறங்கினான். 40 மணித்தியாலம் அப்படிப் போனது. எழும்பும்போதெல்லாம் இரண்டு பேரின் சோற்றைச் சாப்பிட்டான். ரியூப்லைற்றைப் பற்றிப் பேசவேயில்லை. “என்ரை பிள்ளை திரும்பிக் கிடைச்சிட்டான்” என்று தாய் மிஸியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எங்களுக்கும் நிம்மதி. சிறுநீரக அளவுகள் இறங்கின. கட்டிலுக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நான்காம் நாள் காலை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டு கிழமை கழித்து மனநல கிளினிக்குக்குத் திகதி போட்டுக் கொப்பியைக் கையில் கொடுத்தோம்.

பிழை இங்கேதான். துண்டில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன்.

சாராயத்தை நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும். தூளை, அதாவது ஹெரோயினை, நிறுத்தினால் வாந்தி, வயிற்றோட்டம், கைகால் உளைவு. அவற்றைப் பார்த்தால் விடுதியில் உள்ள கடைநிலை ஊழியருக்கும் ‘நிறுத்தின வருத்தம்’ என்று தெரியும். ஐஸை நிறுத்தினால் ஆள் உறங்குவான், சாப்பிடுவான், கரைச்சல் தரமாட்டான். நிறுத்தின வருத்தத்தின் முதல் கட்டமே அதுதான். அதை நாங்கள் சுகம் என்று எழுதினோம். அந்த நித்திரை முடிகிற இடத்தில், டோபமின் வற்றிப்போன மூளையோடு, எதிலும் இன்பமில்லாத, செத்தால் என்ன என்று தோன்றுகிற, ஐஸை மட்டும் தேடுகிற நாட்கள் தொடங்குகின்றன. கடுமையான கட்டம் ஏழு முதல் பத்து நாள். அதன் பிறகும் இரண்டு மூன்று கிழமைக்கு மெல்லிய இழுப்பு இருக்கும். நாங்கள் கொடுத்த கிளினிக் திகதி அந்தக் கடுமையான கட்டமென்ற கிடங்கு முழுவதையும் தாண்டி மறு கரையில் இருந்தது. நடுவில் அவனோடு யாருமில்லை.

வீட்டுக்குப் போன ஐந்தாம் நாள் அவன் கிணற்றுக்கட்டில் இருந்ததைத் தாய் கண்டிருக்கிறார். இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தானாம். “என்னடா தம்பி எண்டு கேட்டன். ஒண்டுமில்லையம்மா, தண்ணியைப் பாக்கிறன் எண்டான்.” யாருக்குச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் துண்டில் ஒரு தொலைபேசி இலக்கமும் இல்லை. ஏழாம் நாள் அவன் வெளியே போனான்.

இரண்டாம் முறை

19 நாள் கழித்து வந்தபோது இடது முன்கை முழுவதும் வீங்கிச் சிவந்து, சீழ் கட்டியிருந்தது. தோலுக்குள் பூச்சி ஊருது என்று நகத்தாலும் ஊசியாலும் தோண்டியிருந்தான். சத்திரசிகிச்சை விடுதியில் சீழ் எடுத்தார்கள். இம்முறை நித்திரை வந்த பிறகும் குரல்கள் நிற்கவில்லை. பெரும்பாலானோருக்கு ஐஸ் தந்த மனக்குழப்பம் சில நாளில் அடங்கிவிடும். சிலருக்கு அது கிழமைக்கணக்கில் நீளும், பிறகு சித்தப்பிரமையாகவே நிலைப்பவர்களும் உண்டு. மனக்குழப்பத்துக்கான ரிஸ்பெரிடோன் மருந்தைத் தொடங்கி மனநல விடுதியில் 17 நாள் வைத்திருந்தார்கள்.

அவனுடைய இரண்டு அனுமதிகளையும் பதிவேடுகளில் தேடிப் பார்த்தேன். முதலாவது ‘தசைச் சிதைவு, சிறுநீரகப் பாதிப்பு’. இரண்டாவது சத்திரசிகிச்சை விடுதியில் ‘தோலழற்சி’, மனநல விடுதியில் ‘உளப்பிறழ்வு’. ஐஸ் என்ற சொல் மூன்றிலும் இல்லை. வீட்டுக்காரர் பயந்து சொல்லவில்லை, நாங்கள் இரங்கி எழுதவில்லை. அந்த இரக்கத்தின் விலை பெரிது. ஒரே நோய் மூன்று விடுதிகளின் கணக்கில் மூன்று நோயாகப் பிரிந்துவிட்டால், இரவுக் கடமைக்கு இன்னொரு தாதி வேண்டும் என்றோ, உளவளத்துணையாளர் ஒருவர் வேண்டும் என்றோ கேட்கப் போகும்போது எங்கள் கையில் காட்ட எதுவும் இருக்காது. நோயாளியின் பெயர் வெளியே போகாத வகையில் பாவனையை மட்டும் குறிக்கும் ஒரு பதிவை எல்லா விடுதிகளும் ஒரேமாதிரி வைத்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டுவருகிறேன்.

மாற்றிப் பார்த்தவை

தாய்க்குக் கந்தகாடு என்ற பெயர்மேல் பெரும் பயம். பொலன்னறுவை மாவட்டத்துப் புனர்வாழ்வு நிலையம் அது. 2022 ஜூனில் அங்கிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய செய்தியை அவரும் பார்த்திருந்தார். “அங்கை அனுப்பிப்போடாதேங்கோ, போய்ப் பாக்கவும் ஏலாது” என்றார். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் நீதிமன்றக் கட்டளையால் போகும் வழியும் உண்டு, தானாக விரும்பிச் சிகிச்சைக்குப் போகும் வழியும் உண்டு. இரண்டாவதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஹெரோயினுக்கு மெதடோன் இருப்பதுபோல ஐஸுக்கு ஒரு மாத்திரை இல்லை. 2021இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நல்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியன் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 13.6 வீதமானோர் பலன் கண்டார்கள். மருந்தில்லாத போலி ஊசியும் மாத்திரையும் பெற்றவர்களில் 2.5 வீதம். வித்தியாசம் உண்மையானது, ஆனால் சிறியது. அந்த ஊசி எங்கள் அலுமாரியில் இல்லை. இதுவரை மிக நன்றாக வேலை செய்வதாகக் காட்டப்பட்டிருப்பது மிக எளிய முறை: சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு சிறு பரிசு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகள் 2011 முதல் இதைச் செய்கின்றன. கெட்ட பழக்கத்துக்குப் பரிசா என்று என் நண்பர்களே கேட்டார்கள். எதிலும் இன்பம் காணாத மூளைக்கு, கிடங்கின் நடுவில், இன்றைக்கே கையில் கிடைக்கும் ஒரு சின்னச் சந்தோஷம் அது. நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் கொடுப்பதை யாரும் பரிசு என்று சொல்வதில்லை.

முறையான திட்டம் நடத்த எங்களிடம் காசில்லை. செய்யக்கூடியதைச் செய்தோம். இரண்டாம் முறை துண்டு வெட்டும்போது, மூன்றாம் நாள் ஒரே மிஸி தாயின் தொலைபேசிக்கு எடுப்பார் என்று சொல்லி அனுப்பினோம், எடுத்தார். கிளினிக்கை ஏழாம் நாளுக்குப் போட்டோம். நித்திரைக்குப் பிறகு என்ன வரும் என்பதைத் தாய்க்கும் அண்ணனுக்கும் நாள் நாளாகச் சொன்னோம்: சோர்ந்து கிடப்பான், சினப்பான், கிணற்றடியில் இருந்தால் தனியே விடாதேங்கோ. கொப்பியின் முன் மட்டையில் 1926, 1927 என்று இரண்டு இலக்கங்களை எழுதினோம். முன்னது தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி, பின்னது தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையுடையது. ஒவ்வொரு கிழமையும் சோதனை சுத்தமாக வந்தால் மிஸி தன் காசில் ஒரு தொலைபேசி ரீலோட் போட்டுவிட்டார். அது நிலைக்கக்கூடிய ஏற்பாடு இல்லை. ஒரு தாதியின் சம்பளத்தில் நடக்கவேண்டிய சிகிச்சையும் இல்லை.

ஆறாம் கிழமை ஒருதரம் அடித்தான். அடுத்த நாளே தானாக வந்து சொன்னான். ஒன்பதாம் கிழமை மறுபடியும். அப்போதும் வந்தான். மருந்தின் அளவைக் குறைத்தோம்; குரல்கள் திரும்பவில்லை. சிறுநீரகம் தேறிவிட்டது. முன்கையில் தழும்பு கிடக்கிறது.

பன்னிரண்டாம் கிழமை தனியே வந்தான். கொப்பியைச் சொப்பிங் பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். திரும்பவும் பட்டா ஓடுகிறான் என்றான். எனக்கு நெஞ்சு பக்கென்றது.

“இரவிலை நித்திரை வந்தால் என்ன செய்வீங்கள்?”

“ஓமந்தையிலை நிப்பாட்டிப் படுக்கிறன் சேர். முதலாளியிட்டைச் சொல்லிப்போட்டன், சாமான் விடிய ஏழு மணிக்குத்தான் இறங்கும், இல்லாட்டி வேறை ஆளைப் பிடியுங்கோ எண்டு.” கொஞ்சம் தயங்கினான். “ஒண்டு கேக்கலாமே? திங்கக்கிழமை இரவு ஓட்டம் இருக்கு. செவ்வாய் வர ஏலாது. புதன் தாறியளே?”

எங்கள் கிளினிக் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். மிஸி என்னைப் பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்த கொப்பியை வாங்கி, செவ்வாய் என்று போட்டிருந்ததை வெட்டிவிட்டு, புதன் காலை 8 மணி என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார்.